வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு: கீலைத் தேர்ந்தெடுப்பதும் அது கழன்றுவிடாமல் பிடித்து வைப்பதும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் என் ஏலரானின் (இறக்கையின் பின்பக்க ஓரத்தில் ஏறி இறங்கும் பலகை) கீல் பின், அதாவது கீலுக்குள் ஓடும் கம்பி, இரண்டு விரற்கடை வெளியே வந்துவிட்டது. விமானம் அதுவரை ஒரு அடிகூடப் பறக்கவில்லை. இடது இறக்கையை ஏலரானோடு சேர்த்துப் பழைய மெத்தை மேல் வைத்து, பிக்கப் வண்டியில் கட்டி, வளைவுகளில் பொறுமையாகத்தான் இறக்கினோம். காரமடையில் நண்பரின் காலி குடோனில் இறக்கி வைத்தபோது, உதவிக்கு வந்திருந்த ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"கீலு நல்லாத்தான் இருக்குது தம்பி. ஊசிய எது புடிச்சிருக்குது?"

"முனைய வளைச்சு விட்டிருக்கேண்ணா."

"ஒரு பக்கம் வளைச்சா ஒரு பக்கந்தான நிக்கும்?"

அவர் சொன்னது அவ்வளவுதான். கீல் வாங்க நான் ஐந்து மாதம் படித்திருந்தேன். பின்னைப் பிடித்து வைப்பதற்கு ஐந்து நிமிடம்தான் செலவிட்டிருந்தேன். என்ஜின் நின்றுபோனால் சறுக்கியாவது இறங்கலாம். ஏலரான் பாதியில் இறுகிக்கொண்டால் என்ன செய்வது என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

நான் தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன், விமானப் பொறியாளர் இல்லை. நான் கட்டுவது வரைபடம் வாங்கி அலுமினியத் தகட்டில் ரிவெட் அடித்துச் செய்கிற இரண்டு இருக்கை விமானம். ஏலரானுக்கு நீளக் கீல், வால் பக்கம் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும் இடது வலது திருப்பும் ரடருக்கும் பிராக்கெட்டும் போல்ட்டும். கீழே உள்ளவை அதில் பட்டுத் தெரிந்துகொண்டவை. உங்கள் வரைபடம் வேறு மாதிரி சொன்னால் வரைபடம் சொல்வதையே கேளுங்கள்.

1. வரைபடத்தில் எது உங்கள் முடிவு, எது இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கீலின் வகையும் அது உட்காரும் இடமும் உங்கள் முடிவு அல்ல. நீளக் கீல் சொன்ன இடத்தில் பிராக்கெட் போட்டால் சுழலும் அச்சு சில மில்லிமீட்டர் நகரும். அதோடு ஏலரான் ஏறி இறங்கும் அளவு, இடைவெளி, எடைச் சமன் மூன்றும் மாறும். வேகத்தில் ஏலரான் தானாகப் படபடக்கத் தொடங்குவதை ஃபிளட்டர் என்பார்கள். அது வராமல் இருக்க வடிவமைத்தவர் போட்ட கணக்கு, நீங்கள் மாற்றிய கீலுக்குப் பொருந்தாது.

உங்கள் முடிவுக்கு விடப்படுவது பெரும்பாலும் பின்னை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான். என் வரைபடத்தில் அதற்கு ஒரே ஒரு வரி: பின்னை இரு முனையிலும் நிறுத்தவும். "இரு முனையிலும்" என்ற சொல்லை நான் படித்தும் படிக்காமல் போயிருக்கிறேன். கீல் சம்பந்தமான குறிப்புகள் ஒவ்வொன்றையும் தனி நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் சொல் விட்டுப் போகாது.

2. கீல் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீளக் கீல், அதாவது பியானோ கீல், இரண்டு விதமாக வருகிறது. எம்எஸ்20257 என்ற அமெரிக்க விமானப் பாக எண்ணில் வருவது தகட்டைச் சுருட்டிச் செய்தது. எம்எஸ்20001 அச்சில் அழுத்தி இழுத்த எக்ஸ்ட்ரூஷன். பின் நுழையும் உருளைகளை நான் கணு என்று சொல்கிறேன். சுருட்டிய கீலில் கணு மடித்த தகடுதான், பாரம் கூடினால் வாய் திறக்கப் பார்க்கும். எக்ஸ்ட்ரூஷனில் கணு கெட்டியாக ஒரே துண்டாக இருக்கும். வரைபடம் முதல் எண்ணைச் சொல்லியிருந்தால் இரண்டாவதைப் போடலாமா என்று வடிவமைத்தவரிடம் கேளுங்கள். இரண்டாவதைச் சொல்லியிருந்தால் முதலாவதைப் போடவே கூடாது.

கோத்தகிரி ஹார்டுவேர் கடையிலும் பீரோவுக்குப் போடும் நீளக் கீல் தொங்குகிறது, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அது என்ன உலோகம் என்று கடைக்காரருக்கும் தெரியாது. விலை பத்தில் ஒரு பங்கு என்று மனம் அலைபாயும். பீரோவுக்கே போடட்டும்.

பிராக்கெட் கீலில் கவனிக்க வேண்டியது புஷ், அதாவது போல்ட் நுழையும் சின்ன உலோகக் குழல். புஷ்ஷின் நீளம் அது உட்காரும் பிராக்கெட்டின் தடிமனைவிடக் கொஞ்சம், ஒரு 0.1 மில்லிமீட்டர் அளவுக்காவது, கூடுதலாக இருக்க வேண்டும். நட்டை இறுக்கினால் போல்ட் புஷ்ஷை மட்டும் கவ்விக்கொள்ளும், பிராக்கெட் புஷ்ஷின் மேல் இலகுவாகத் திரும்பும். எனக்குக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர் அழகாக இருக்கட்டும் என்று இரண்டையும் மட்டமாகத் தேய்த்துக் கொடுத்துவிட்டார். இறுக்கினேன், ரடர் அசையவில்லை. தளர்த்தினேன், ஆட்டம் கண்டது. எண்ணெய் விட்டுப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிய பிறகுதான் அளந்து பார்த்தேன்.

ராட் எண்ட் பேரிங் என்பது தண்டின் முனையில் உருண்டை உள்ள பேரிங். மரையை உள்ளே வெளியே திருகி வரிசையைச் சரிசெய்யலாம் என்பது இதன் வசதி. ஆபத்து என்னவென்றால், வெளி வளையம் பிய்ந்தால் உருண்டை மட்டும் போல்ட்டோடு நின்றுவிடும், மற்றது கழன்று போய்விடும். அதனால் ராட் எண்ட் ஒரு பக்கத் தாங்கலில் இருந்தால் அதன் முகத்தில் ஏஎன்970 போன்ற அகல வாஷர் போடுங்கள். வளையம் உடைந்தாலும் அந்த வாஷரைத் தாண்டி வெளியே வராது. பூட்டு நட்டையும் மறக்காதீர்கள்.

3. வாங்கும்போது எண்ணில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள்

என் இரண்டாவது பெரிய தவறு ஒரு எழுத்தில் நடந்தது. ஏஎன்3-7 என்றால் மரைப் பகுதியில் ஸ்ப்ளிட் பின்னுக்கு (நட்டைப் பூட்டும் இரட்டைக்கால் கம்பி) துளை போட்ட போல்ட். ஏஎன்3-7ஏ என்றால் துளை இல்லாதது. கடைசியில் அந்த "ஏ" ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. பதினாறு போல்ட் வந்தது, ஒன்றில்கூடத் துளை இல்லை. வீட்டில் துளை போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், அது கெட்டியான எஃகு, மேலே காட்மியம் பூச்சு வேறு. மறுபடி ஆர்டர்தான்.

இன்னொரு எண் விளையாட்டு: முதல் எண் தடிமன், பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு. ஏஎன்3 என்றால் 3/16 அங்குலம், சுமார் 4.8 மில்லிமீட்டர். ஏஎன்4 என்றால் கால் அங்குலம். கோட்டுக்குப் பின் வருவது நீளம், எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு. -5 என்றால் 5/8, -7 என்றால் 7/8. அதற்கடுத்து -8 கிடையாது, ஒரு அங்குலம் என்பது -10. ஒன்றேகால் அங்குலம் -12. புரிந்த பிறகு எளிது. புரிவதற்குள் தவறான நீளத்தில் ஒரு டப்பா சேர்ந்துவிடும்.

கையில் வந்ததும் போல்ட்டின் தலையைப் பாருங்கள். பெருக்கல் குறியோ நட்சத்திரக் குறியோ இருந்தால் சாதாரண ஏஎன் எஃகு போல்ட். ஒரு கோடு என்றால் துருப்பிடிக்காத எஃகு. இரண்டு கோடு என்றால் அலுமினியக் கலவை, இது கீலுக்கு வேண்டாம். ரிவெட்டில் ஏடி வகைக்குத் தலையின் நடுவே சின்னக் குழி இருக்கும்.

செலவும் நாளும். வெளிநாட்டிலிருந்து நான் வரவழைத்த ஒரு பெட்டியில் கீல், போல்ட், நட், ராட் எண்ட் எல்லாம் சேர்ந்து பொருளின் விலை 21,000 ரூபாய். கூரியர் 9,500. வரியும் கட்டணமும் 10,000க்குக் கொஞ்சம் மேல். ஆக, பொருளுக்குச் சமமாகவே வழிச்செலவு. துளையில்லாத போல்ட்டுக்குப் பதிலாகச் செய்த இரண்டாவது ஆர்டரில் போல்ட்டின் விலை வழிச்செலவில் பாதிகூட வரவில்லை. அதனால் வால், இறக்கை, ஃபிளாப் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பட்டியல் போட்டு, நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வைத்து, ஒரே தடவையில் வாங்குங்கள்.

ஆறடிக் கீலை அப்படியே அனுப்பச் சொன்னால் நீளப் பெட்டிக்குக் கூரியர்காரர் தனிக் கணக்குப் போடுவார். உங்கள் வரைபடத்தில் துண்டுகள் மூன்றடிக்குள் இருந்தால் வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். வெட்டும் அளவை எழுத்தில் கொடுங்கள்.

கூரியர் வழி வரும் பொருளுக்கு ஆதார் அல்லது பான் கேட்பார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதி, கூடவே பொருள்பட்டியலை முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். விமானத்துக்குப் போவதால் போல்ட்டுக்கும் விமானப் பாக வரிதான் என்று நினைத்துக்கொண்டு சுங்கத்தில் வாதாடாதீர்கள். போல்ட், நட் 7318 என்ற தலைப்பிலும் கீல் 8302 என்ற தலைப்பிலும் பொதுப் பொருளாகத்தான் வரும். நான் ஒன்பது நாள் வாதாடினேன், அவர்கள் சொன்னதே சரி. ஆர்டர் போட்ட நாளிலிருந்து கோத்தகிரிக்கு வந்து சேர 24 நாள், அதில் இந்த ஒன்பதும் அடக்கம்.

4. துளையிடும் முன் வரிசை பாருங்கள்

துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை ரிவெட்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் 6.4. நான் 8 வைத்துக் கோடு போட்டேன். கை கொஞ்சம் வழுக்கினாலும் தப்பிக்கலாம். கீலின் தகட்டு அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் ஓரத்துக்கு இடம் விட்டு, மறுபக்கம் கணுவில் ரிவெட்டின் தலை இடிக்கிறது என்பது துளை போட்ட பிறகு தெரிந்தால் ஆறடிக் கீல் போச்சு.

பின்னை உள்ளே விட்டபடியே துளையிடுங்கள். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு துளைக்கும் கிளீகோ (தற்காலிகமாகத் தகட்டைப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொண்டே போங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் கடைசித் துளைக்குள் கீல் வில்லாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கீல் பின்தான் சொல்லும்.

பிராக்கெட் கீல்கள் மூன்று இருந்தால் மூன்று துளைக்கும் பொதுவாக ஒரு நேர்க் கம்பியை நுழைத்துப் பாருங்கள். இரண்டு துளையை எவரும் வரிசைப்படுத்திவிடலாம், வில்லங்கம் எப்போதும் மூன்றாவதில்தான். கடைசி அளவுக்குத் துளையைக் கொண்டு வர டிரில்லை நம்பாதீர்கள், ரீமர் வாங்குங்கள்.

ரிவெட் அடிக்கும் முன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. அடித்த பிறகு அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு. 3.2க்கு அது 4.8, 1.6. பழைய ஏடிஎம் கார்டில் இந்த இரண்டு அளவையும் வெட்டி வைத்துக்கொண்டேன். பட்டறையில் அதைவிட உபயோகமான கருவி என்னிடம் இல்லை.

நீளமான பின் உள்ளே போக மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். முனையைக் கூராகத் தீட்டி, சொட்டு எண்ணெய் விட்டு, மறுமுனையை டிரில் மெஷினில் பிடித்து மெதுவாகச் சுற்றவிட்டபடி தள்ளுங்கள், போய்விடும். அப்படியும் போகாவிட்டால் வரிசை சரியில்லை என்று பொருள்.

5. பின்னைப் பிடித்து வையுங்கள்

பின்னைப் பிடிப்பதற்கு நான்கு நிபந்தனை வைத்துக்கொண்டேன். இரண்டு திசையிலும் நகரக் கூடாது. பறக்கும் முன் சுற்றிப் பார்க்கும்போது கண்ணில் பட வேண்டும். தேவைப்பட்டால் கழற்ற முடிய வேண்டும். ஏலரான் முழுதாக ஏறி இறங்கும்போது எதிலும் உரசக் கூடாது.

முனையை "எல்" போல வளைத்து விடுவது எல்லாரும் முதலில் செய்வது. உடல் பக்கம் முனையை வளைத்தால் பின் இறக்கை நுனி நோக்கிப் போகாது, ஏனென்றால் வளைவு கணுவில் முட்டும். உடல் பக்கம் நோக்கி வர அதற்கு எந்தத் தடையும் இல்லை. என் பின் அப்படித்தான் வந்தது. நுனியில் மூடித் தகடு வந்தால் அடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன், அந்தத் தகட்டையோ இன்னும் மாட்டவில்லை. மாட்டியிருந்தாலும் அது பின்னை வெளியே விடாதே தவிர உள்பக்கம் நகர்வதைத் தடுக்காது. என் தவறு இரட்டைத் தவறு.

வளைத்த முனையையே சரியான பிடிப்பாக மாற்றலாம். பக்கத்தில் கீல் தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை, அதில் 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் லாக்கிங் ஒயர், வளைவைச் சுற்றி இழுத்து முறுக்கிக் கட்டினால் இரண்டு திசையும் அடைபட்டது. முறுக்கு அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு இருக்கட்டும். அதற்கு மேல் முறுக்கினால் ஒயர் நொந்து உடையும். வெட்டிய முனையை உள்ளே மடித்து விடுங்கள், துடைக்கும்போது விரலைக் கிழிக்கும்.

இரண்டாவது வழியைத்தான் இப்போது நான்கு கீலுக்கும் போட்டிருக்கிறேன். பின்னை இரண்டு பக்கமும் ஒரு கணு குறைவாக வெட்டுவது. காலியாக நிற்கும் கடைசிக் கணுவில் குறுக்கே துளை போட்டு மெல்லிய ஸ்ப்ளிட் பின் அல்லது லாக்கிங் ஒயர் நுழைப்பது. பின் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தக் குறுக்கு ஒயரில் முட்டி நிற்கும். துளை விழுவது அலுமினியக் கணுவில் மட்டும். முதலில் நான் கணுவையும் பின்னையும் சேர்த்தே துளைக்கப் பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் பின் துளைக்கத் துளைக்க இறுகுகிற ஜாதி, 1 மில்லிமீட்டர் டிரில் பிட் மூன்று உடைந்தது. கடைசிக் கணு பாரம் தாங்காமல் போவதால் இந்த முறை உங்கள் வரைபடத்துக்குச் சரிவருமா என்று வடிவமைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டேன், எட்டு நாளில் பதில் வந்தது, அதை அச்சிட்டு நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

பின்னுக்கும் குறுக்கு ஒயருக்கும் நடுவில் ஓரிரண்டு மில்லிமீட்டர் விடுங்கள். ஒரு மீட்டர் அலுமினியம் 10 டிகிரிக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளும், எஃகு அவ்வளவு நீளாது. கோத்தகிரியில் காலை 10 டிகிரியில் வெட்டிய பின், கோவை வெயிலில் நிற்கும் இறக்கைக்குள் வேறு கணக்கில் உட்காரும்.

நம்பக் கூடாதவை இரண்டு. கடைசிக் கணுவைக் குறடால் நசுக்கி விடுவது ஒன்று: அலுமினியம் வெடிக்கலாம், பிறகு கழற்றவும் முடியாது. லாக்டைட் பசை மற்றொன்று. தனியாக அதை மட்டும் நம்பிப் பின்னை விடாதீர்கள்.

6. போல்ட் இருக்கும் கீலில் நட்டைப் பூட்டுங்கள்

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எலிவேட்டரோ ரடரோ அசையும்போது இந்த போல்ட்டோ நட்டோ சுற்றுமா? சுற்றினால் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் கூடாது. மேலே பள்ளம் வெட்டிய கேஸில் நட்டும் ஸ்ப்ளிட் பின்னும்தான். ராட் எண்டிலும் சரியான நீளமுள்ள புஷ்ஷிலும் போல்ட் கவ்வப்பட்டு நிற்கும், சுற்றாது, அங்கே நைலாக் போடலாம். நான் அங்கேயும் கேஸில் நட்டே போட்டேன். பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

போல்ட்டின் தலை மேலே அல்லது முன்பக்கம் இருக்கட்டும். நட் விழுந்தாலும் போல்ட் கொஞ்ச நேரமாவது துளையில் தங்கும். மரைப் பகுதி புஷ்ஷுக்குள் வரக் கூடாது, வழவழப்பான பகுதிதான் பாரம் தாங்க வேண்டும். நீளம் கொஞ்சம் கூடினால் வாஷரால் சரிசெய்யலாம்.

இறுக்கும் அளவு: ஏஎன்3க்கு 20 முதல் 25 இன்ச் பவுண்டு, அதாவது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். ஏஎன்4க்கு 50 முதல் 70, அதாவது 5.6 முதல் 7.9. இது சாதாரண உயர நட்டுக்கு. மெல்லிய நட் என்றால் குறைவு, ஏஎன்3க்கு 12 முதல் 15 தான். நைலாக் என்றால் நட் சும்மா சுற்றும்போதே எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து அதையும் கூட்டுங்கள். கார் மெக்கானிக்கிடம் இருக்கும் டார்க் ரெஞ்ச் இந்த அளவுக்குக் கீழே வராது. சைக்கிளுக்கென்று விற்கும் ரெஞ்ச் 2 நியூட்டன் மீட்டரில் தொடங்குகிறது, எனக்கு 3,600 ரூபாய் ஆனது.

கேஸில் நட்டின் பள்ளமும் போல்ட்டின் துளையும் நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கை நமைக்கும். வாஷரை மாற்றுங்கள். ஏஎன்3க்கு 1.6 மில்லிமீட்டர் ஸ்ப்ளிட் பின், ஒரு கால் போல்ட்டின் முகத்தின் மேல், மற்றொரு கால் கீழே நட்டோடு ஒட்டி. கழற்றினால் பழையதை மறுபடி போடாதீர்கள். நைலாக் நட்டை விரலாலேயே திருக முடிகிறதென்றால் அதுவும் குப்பைக்குத்தான்.

7. மலையின் ஈரத்துக்கு வழி செய்யுங்கள்

அலுமினியமும் எஃகும் ஒட்டி இருக்க, நடுவில் ஈரம் நின்றால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். கீலை ரிவெட் அடிக்கும் முன் தகட்டின் இரண்டு முகத்துக்கும் எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும், கணுக்களின் உள்ளே போகாதபடி பின்னை விட்டுக்கொண்டு.

பிரைமர் காய்வதுதான் இங்கே தலைவலி. டப்பாவில் ஒரு நாள் என்று எழுதியிருந்தது, என் ஷெட்டில் நான்காம் நாளும் ஒட்டியது. ஃபேக்டரியின் டிரையர் ரூம் பக்கத்தில் கதகதவென்று இருக்குமே என்று இரண்டு கீலை அங்கே கொண்டுபோய் வைத்தேன். டீ மேக்கர் பார்த்துவிட்டார். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், பெயின்ட் வாசனையோடு டீத்தூள் ஏலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டதை இங்கே எழுத முடியாது. பிறகு பழைய இரும்பு அலமாரியில் 60 வாட் குண்டு பல்பு இரண்டு போட்டுக் காயவைத்தேன். ஈர பிரைமரைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஆவி அடங்கிய பிறகே அலமாரிக்குள் வையுங்கள், தீப்பிடிக்கும் சமாசாரம். பிரைமர் வேலையைப் பங்குனி, சித்திரைக்கு வைத்துக்கொண்டால் இந்தப் பாடே வேண்டாம்.

போல்ட், நட்டை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கீலுக்கு எண்ணெய் மட்டும் போதும், கிரீஸ் தூசியைச் சேர்க்கும்.

8. ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்

ஒருவர் இறக்கையைப் பிடிக்க, நீங்கள் ஏலரானின் பின்பக்க ஓரத்தைப் பிடித்து மேல் கீழ், உள் வெளி ஆட்டுங்கள். கையில் "டக்" என்று படக் கூடாது. அப்புறம் இறக்கையை வளைத்துப் பாருங்கள். காற்றில் இறக்கை வளையும், நீளக் கீல் நேராக இருக்கும்போது இலகுவாகவும் வளையும்போது இறுக்கமாகவும் இருக்கலாம். இரண்டு பேர் நுனியைப் பதமாகத் தூக்கிப் பிடிக்க, ஏலரான் முழுதும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கலாம். எவ்வளவு தூக்கலாம் என்பதை வடிவமைத்தவரிடம் கேளுங்கள், வீரம் வேண்டாம்.

எடைச் சமனைப் பெயின்ட் அடித்த பிறகுதான் கடைசியாகப் பாருங்கள். கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் ஃபிளட்டர் கணக்கைக் கெடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் நட்டின் மேலிருந்து போல்ட் வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு உடைந்தால் நட் நகர்ந்திருக்கிறது. என் மனைவியின் பாட்டிலைத்தான் எடுத்தேன், இப்போது எனக்கென்று ஒன்று வாங்கித் தந்துவிட்டார்.

9. தாள்களை முதல் நாளிலிருந்தே சேருங்கள்

விலைப்பட்டியல், விற்பவர் தரும் தரச் சான்று, போல்ட் வந்த பையின் லேபிள் ஆகியவற்றில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கும்போதே சான்று கேளுங்கள், பிறகு கேட்டால் பதில் வருவது அபூர்வம். ஒவ்வொரு கீலுக்கும் ஒரு பக்கம்: தேதி, பாக எண், இறுக்கிய அளவு, மூடுவதற்கு முன் எடுத்த படம், பார்த்த இரண்டாவது ஆளின் கையெழுத்து. பட்டறைப் பழக்கத்துக்கு அமெரிக்க விமானத் துறை 1998இல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற சுற்றறிக்கையை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். போல்ட், நட், ஸ்ப்ளிட் பின், லாக்கிங் ஒயர் எல்லாம் ஏழாம் அத்தியாயம்.

விமானங்களுக்குப் பதிவும் பறக்க அனுமதியும் தருகிற டிஜிசிஏவிடம் தகடு வெட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள், நமக்கு அவர்களின் மண்டல அலுவலகம் சென்னையில். நாள் கணக்கைத் தாராளமாக வையுங்கள். மும்பையில் மொட்டை மாடியில் அமோல் யாதவ் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016இலேயே கண்காட்சியில் நின்றது. பதிவு 2017இல் கிடைத்தது, பறக்க அனுமதி 2019இல்.

10. மலை இறக்கும்போது ஏலரானைக் கழற்றிவிடுங்கள்

நீலகிரியில் ஓடுதளம் இல்லை, ஆகவே எல்லாரும் ஒரு நாள் இறக்கியே ஆக வேண்டும். ஏலரான், எலிவேட்டர், ரடரைத் தனியாகக் கழற்றி, தனித்தனியாகப் போர்வை சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கழற்ற முடியாதென்றால் மரச்சட்டத்துக்கு ஸ்பாஞ்ச் ஒட்டி இருபுறமும் கவ்வி அசையாமல் கட்டுங்கள். சமவெளியிலிருந்து நண்பர்கள் வண்டியோடு வருவதானால் முதல் நாளே இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் எதிரே பஸ் குறைவு, நான்கு மீட்டர் இறக்கையோடு கொண்டை ஊசியில் பின்னே எடுக்கிற வேலை மிச்சம்.

கீழே சேர்ந்ததும் மறுபடி மாட்டும் முன் பின்னை முழுக்க உருவி, துடைத்து, தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் புதியது வெட்டுங்கள். என் பழைய பின்னை ஃபிட்டர் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். குடோன் ஜன்னலுக்குக் கொக்கி ஆகிவிட்டது.